புளியமரத்து ஆணியும் சகாயமேரியும்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது மேசை மேல் போன் அதிர்ந்தது. வகுப்பில் போன் எடுப்பதில்லை என்பது நானே வைத்த சட்டம். மூன்றாவது முறை அதிர்ந்தபோது எடுத்தேன். டிராக்டர் ஓட்டும் ஏழுமலை. "டீச்சர், அக்கா பூட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கினுதான் வந்தாங்க" என்றார். எந்த அக்கா என்று கேட்கத் தேவையில்லை. ஏழுமலை அக்கா என்று கூப்பிடுவது தன் முதலாளி சகாயமேரியை மட்டும்தான். கரும்பலகையில் பாதி எழுதிய கணக்கை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சகாயமேரியை உங்களில் பலருக்குத் தெரியும். டிராக்டருக்குப் பின்னால் சக்கரம் வைத்த நீளத் தொட்டில் மாதிரி ஒரு சின்ன அறுவை மிஷினை இழுத்துக்கொண்டு செஞ்சியைச் சுற்றி ஊர் ஊராகப் போனவர். மரக்கடையில் பத்து வருடம் பலகை தூக்கிவிட்டு, பிறகு தனக்கென்று மிஷின் வாங்கினார். விழுந்த மரத்தை டிப்போவுக்கு ஏற்றிப் போக முடியாதவர்கள்தான் அவரைக் கூப்பிடுவார்கள். மரம் கிடந்த இடத்திலேயே மிஷினை நிறுத்தி, அடிமரத்தை ஏற்றி இறுக்கி, பட்டை ரம்பத்தை அதன் மேல் தள்ளிக்கொண்டே போவார். மாலைக்குள் பலகைகள் இடையில் குச்சி வைத்து அடுக்கியிருக்கும். சீயமங்கலத்தில் ஒருவர், "பொம்பள இன்னாத்துக்கு இந்த மிஷின் ஓட்டணும்?" என்று கேட்டாராம். "மிஷினையே கேளு. அது ஒண்ணும் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு அறுக்க ஆரம்பித்தாராம். பொறுமைசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொறுமை இருந்தது. அறுக்கும் முன்பு ஆணி தேடுவதில். இரும்பைக் கண்டால் கத்தும் ஒரு சின்னக் கருவியை மரம் முழுக்கத் தடவுவார். அதோடு விட மாட்டார். கூடியிருப்பவர்கள் பக்கம் திரும்பி, "இதுல யாருனா எதுனா அடிச்சிருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்பார். "இந்தக் கருவி மேல்தோலைத்தான் பாக்கும். உள்ள போனத வாய்தான் சொல்லணும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. கட்சி போர்டு, கொடிக் கம்பி என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அவலூர்பேட்டையில் ஒரு வேப்பமரத்துக்குள் மாடு கட்டிய சங்கிலியே இருந்தது. மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் அதன் சொந்தக்காரருக்கு ஞாபகம் வந்தது.

நைனா எனக்கு விட்டுப்போன வீட்டில் கிணற்றடிப் புளியமரம் மழைக்கு வேரோடு சாய்ந்தபோது நானும் அவரைக் கூப்பிட்டேன். என் கணவரின் அண்ணன் அதைச் செங்கல் சூளைக்குத் தள்ளிவிடலாம் என்றார். பள்ளி வாசிப்பறைக்குப் பெரிய மேசை வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சகாயமேரி வந்தார், கருவியைத் தடவினார், மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை என்னைப் பார்த்தே கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

அது பொய். அந்த மரத்தில் ஆணி இருந்தது எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் காலேஜில் சேர்க்கச் சொல்லி நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், பக்கத்து ஊர்ப் பூசாரி என் முடியில் ஒரு கொத்தை அந்த மரத்தில் சுற்றி ஆணி அடித்து, பேயை அங்கே கட்டிவிட்டதாகச் சொன்னார். பிறகு முடியை அறுத்து என்னை விடுவித்தார். நைனா, அம்மா, பூசாரி, நான். வேறு யாருக்கும் தெரியாது. ஆணியை மரம் விழுங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து, கணவரும் அவர் அண்ணனும் சக ஆசிரியைகளும் நிற்கும் இடத்தில், பேய் பிடித்த கணக்கு டீச்சர் என்று பெயர் வாங்க எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது பலகையில் பிளேடு அறுந்தது. தெறித்த துண்டு சகாயமேரியின் முன்கையைக் கிழித்தது. முழங்கை வரை ரத்தம். அவர் கையைப் பார்க்கவில்லை, வெட்டுவாயில் மின்னிய ஆணியைப் பார்த்தார். தலை உயரத்தில் புளியமரத்தில் ஒரு ஆணி என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கணவரின் அண்ணன் குனிந்து, "இது இன்னா ஆணி?" என்றார். "லாந்தர் மாட்ட அடிச்சிருப்பாங்க. நான்தான் சரியா பாக்கல. என் தப்பு" என்றார் சகாயமேரி.

ஆறு தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் ஆட்டோவில் என்னிடம் கேட்டார்: "கேட்டேன்ல, டீச்சர்?" அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காலேஜுக்குப் போனீங்களா இல்லியா?" என்றார். போனேன் என்றேன். "அப்ப அந்த ஆணி உங்கள ஒண்ணும் பண்ணல. என் பிளேடத்தான் பண்ணிச்சு" என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

பத்து நாளில் புது பிளேடோடு வந்து மீதியை அறுத்தார். இரும்பு பட்ட இடத்திலிருந்து ஒரு பலகை நெடுகக் கறுப்பாகக் கோடு ஓடியிருந்தது. அதை அடுப்புக்குப் போடலாம் என்றார்கள். "இரும்பு பட்டா புளி கறுக்கும். பலகைக்கு இன்னா கொற? நடுவுல போடுங்க" என்றார். போட்டோம். பிள்ளைகள் அந்த மேசையில்தான் படிக்கிறார்கள். யார் பக்கம் எது என்று தகராறு வந்தால் அந்தக் கோடுதான் எல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு நின்றபோது ஒரு தச்சர் சொன்னார்: "இத்தினி வருசத்துல அக்கா ஏமாந்தது ஒரே மரத்துலதான். டீச்சர் வூட்டுப் புளியமரம்." எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். நான் மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன், என் கணவரின் அண்ணன் உட்பட எல்லோரும் படிக்கட்டும்.

சகாயமேரி ஏமாறவில்லை. மூன்று முறை கேட்டார். நான் மறைத்தேன். அந்தத் தவறைத் தன் கையில் தையலாக வாங்கிக்கொண்டு, கடைசிவரை தன்னுடையது என்றே சொன்னார். ஆணியின் பாதி என் சாக்பீஸ் டப்பாவில் இருக்கிறது, அது எனக்குப் போதும். மிஷினை இனி ஏழுமலை ஓட்டுவார். உங்கள் மரத்தடியிலும் வந்து நின்று மூன்று முறை கேட்பார். முதல் முறையே சொல்லிவிடுங்கள்.