கருகல் பொடியும் ஒரு பச்சை வரிசையும்

வெயில் தாழ்ந்ததும் அக்தர் பேகம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மக்காச்சோள வயலுக்குள் இறங்குகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் சென்ற பருவத்தில் கருகிப்போன இலைகளின் பொடி. முழங்கால் உயரச் செடி ஒவ்வொன்றின் குருத்திலும் ஒரு சிட்டிகை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். மற்றவர்கள் பயிருக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வார்கள். இவர் நோயைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். "சாவறது சாவட்டும். நிக்கறது எதுன்னு தெரியணும்ல?" என்பார்.

அவர் ஊர் புதுப்பட்டினம். திருவிடந்தைக்கு மேற்கே ஒரு சிறிய விதை நிறுவனத்தின் சோதனை வயலில் புது ரகங்களை உருவாக்குவது வேலை. செடிகளை வாய்விட்டுத் திட்டுவார். கல்யாண வீட்டிலும் அவர் கைப்பையைத் திறந்தால், ஆண் பூவுக்கு மாட்டும் காகித உறைகளும் ஸ்டேப்ளரும்தான் இருக்கும்.

கையிலிருந்தவை இரண்டு ரகங்கள். ஒன்று இலைக்கருகலைத் தாங்கும், கதிரோ விரல் நீளம். மற்றதன் கதிர் பெரிது, ஆனால் அடைமழை வந்தால் கருகிவிடும். ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் சேர்த்து, பிறந்ததைப் பெருங்கதிரோடு மறுபடி சேர்த்து, நோயைக் கொடுத்து, பிழைத்ததை மட்டும் பொறுக்கிப் பல ஆண்டுகள் ஓட்டியிருந்தார்.

பக்கத்து வயல் சடையப்பனும் மக்காச்சோளம்தான் போடுகிறார். போன கார்த்திகையில் அவர் பயிர் முக்கால்வாசி கருகியது. பேகத்தின் பொடிதான் காற்றில் பறந்து வந்தது என்று வரப்பில் நின்று சண்டை போட்டார். கடலோரம் முழுக்கவே கருகல் வந்திருக்கிறது என்று பேகம் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. புகார் நிறுவனத்துக்குப் போனது. இன்னும் ஒரு பருவம், அதிலும் தேறாவிட்டால் வயலை மூடிவிடலாம் என்று அங்கே முடிவாயிற்று.

இந்த ஆண்டு மழை விட்ட ஒரு காலையில், அதே ஊர்க்காரனான நானும் அவரோடு வயலுக்குப் போயிருந்தேன். வயல் முழுக்கத் துரு நிறம். நடுவில் ஒரு வரிசை மட்டும் கரும்பச்சையாக, கைக்கு அடங்காத கதிர்களோடு நின்றது. பேகம் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தார். அடியிலைகளில் ஊசிமுனைப் புள்ளிகள் சில. அதற்கு மேல் ஏறவில்லை. படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினார். உடனே விதை பெருக்கச் சொல்லிப் பதில் வந்தது.

சடையப்பன் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து ஒரு கதிரைத் தொட்டார்.

"இது எனுக்கு எப்பம்மா கெடைக்கும்?"

"மொத மூட்ட உனுக்குதான் அண்ணாத்த," என்றார் பேகம். "உன் நெலத்துலயே போட்டுக் காட்றேன்."

அந்த வரிசையில் நீளமான இலை ஒன்றை ஒடித்து ஸ்கூட்டர் கண்ணாடிக் கம்பியில் முடிந்துகொண்டு கிளம்பினார். நான் பைக்கில் பின்னால் போனேன். கடல்காற்றில் இலை படபடத்தது. மாமல்லபுரம் தாண்டியதும் சாலையில் குறுக்கே யாருமில்லை. ஆனாலும் அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.