சல்லடை அக்காவின் வீட்டுக்காரர்

பெரிய கடையொன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் சல்லடை அக்கா என்பார்கள், முகத்துக்கு நேராகவே. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எடை போட்டவனையும் நம்பமாட்டாள், தராசையும் நம்பமாட்டாள். மகள் தலைவலி என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை தருவாள்.

அப்பேர்ப்பட்டவள், இறந்த வீட்டுக்காரரை, உடல்களை உறையவைத்துக் காக்கும் ஒரு கூடத்தில் விட்டதுதான் வேடிக்கை. அவர் அந்தக் கூடத்துக்குத் திரவ நைட்ரஜன் லாரி ஓட்டியவர். மாரடைப்பில் போனதும், "எங்க ஆளு, நாங்களே பாத்துக்கறோம்" என்று உறையவைத்து எஃகுத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். மருத்துவம் வளர்ந்ததும் எழுப்பிவிடலாமாம். நம்பவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மாதம் தவறாமல் போய்ப் பார்ப்பாள். தொட்டியின் பூட்டு, அளவுமானி, பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன், மூன்றையும் ஒரே மாதிரி முறைப்பாள்.

"உள்ள இருக்கறது அவர்தானா தம்பி?"

"அவரேதான்க்கா. நல்லா இருக்கார்."

இந்த முறை அவன் ஏகக் குஷியாக இருந்தான். உறையவைப்பதைவிட, திரும்பச் சூடேற்றுவதில்தான் கண்டமாம். மெதுவாக ஏற்றினால் உள்ளே பனிக்கட்டி வளர்ந்து திசுவைக் கிழித்துவிடும். அவசரப்பட்டால் வெளிப்புறம் முந்திக்கொண்டு சூடாகி, கண்ணாடி மாதிரி விரிசல் விடும். இப்போது இரும்புத் துகள் கலந்த திரவத்தை ரத்தக் குழாய்களில் செலுத்தி, காந்தத்தால் உள்ளும் புறமும் சீராகச் சூடாக்குகிறார்களாம்.

"எலியோட கிட்னி பொழைச்சிடுச்சுக்கா!"

"அவர் எலி இல்லையே."

அவன் சிரித்துவிட்டான். "அண்ணன்கூட இப்படித்தான், பேச்சுல பெரிய குறும்புக்காரரா இருந்தார்."

சல்லடையில் ஏதோ சிக்கியது. இத்தனை வருடமும் இவன் வாயில் வந்தது 'இருக்கார்' மட்டும்தான்.

"தம்பி, அந்தத் துகளை எப்ப ஏத்தணும்?"

அவன் அளவுமானியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"துடைச்சது போதும். சொல்லு."

"உறைய வைக்கறதுக்கு முன்னாடிக்கா."

"அவருக்கு?"

"அப்ப இந்த முறையே இல்லக்கா. இப்ப குழாயெல்லாம் இறுகிக் கிடக்கு. எதுவும் உள்ள போகாது."

வேறு வழி வரும், காலம் இருக்கிறது என்று அவன் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனான். அவள் காதில் விழவில்லை. பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரையே சந்தேகப்பட்டவள், அவர் எழுந்து வருவார் என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறாள். அது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் வழக்கம்போல் கேட்டாள்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா இருந்தார்டி," என்றாள். அவர் போனதற்கு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.