ஹலீமா வீட்டுச் சீசன் பூனைகள்

ஏற்காட்டில் சீசன் முடிந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் ஹலீமாவின் புழக்கடையை எட்டிப் பார்த்தால் போதும். மே மாதம் பங்களாக்களில் வந்து தங்குகிற பெரிய மனிதர்கள், பிள்ளைகள் விளையாடட்டும் என்று ஒரு பூனைக்குட்டியைப் பிடித்து வளர்ப்பார்கள். பாலும் ரொட்டியும் கொடுப்பார்கள், கழுத்தில் ரிப்பன் கட்டுவார்கள், மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். ஜூனில் மழை பிடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறிவிடுவார்கள். பூனைக்குக் காரில் இடம் இருக்காது. என்ன ஜென்மங்களோ! எலி பிடிக்கக்கூடத் தெரியாத அந்தக் குட்டிகள் நனைந்துகொண்டே கடைவீதிக்கு வரும். வந்து ஹலீமாவின் பின்கதவில் நின்று கத்தும்.

முன்பக்கம் சையத் இப்ராஹிமின் பலசரக்குக் கடை, பின்பக்கம் வீடு. சேலத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தபோது ஹலீமாவுக்குப் பதினெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது, பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது துருவ வந்தால் இப்ராஹிம், "எங்க ஊட்டுல ஏழு உருப்படிங்க, கருவாடு பத்த மாட்டேங்குது" என்று பொட்டலத்தை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். பெயர் வைப்பதும் அவர்தான். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து யார் வந்தாலும் நகராத கடுவன் பூனைக்குத் தாசில்தார். ரிப்பனோடு வந்து, கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட வெள்ளைப் பூனைக்குச் சீமாட்டி. மறுநாள் பசி தாங்காமல் அதே கருவாட்டைத் தலையோடு தின்றது, அது வேறு கதை.

சுகமான பிழைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று ஜீப்பில் அடிபடும். ஒன்றை நாய் கடிக்கும். கார்த்திகைக் குளிரில் இரண்டு மூன்று குட்டிகள் மூச்சு இழுத்துக்கொண்டு போகும். மஞ்சள் அரைத்துப் போட்டு, அடுப்படியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, சோறு தண்ணி இல்லாமல் ஹலீமா பக்கத்திலேயே கிடப்பாள். போய்விட்டால் ஓவென்று அழுவாள். கொய்யா மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டே இப்ராஹிம், "அடுத்த சீசனுக்கு இன்னொண்ணு வரும், அழுவாத" என்பார். வரத்தான் செய்யும்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாதம், சர்க்கரைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த இப்ராஹிம் நூலைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தார். அவ்வளவுதான்.

ஹலீமா அழவில்லை. வீடு நிறைய ஆட்கள், ஒப்பாரி, தண்ணீர்க் குடங்கள், அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போன சத்தம் எல்லாம் கேட்டது. கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை. புருஷன் மவுத்தாகி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பார் என்று பெண்கள் காதைக் கடித்தார்கள். விட வேண்டும் என்று அவளுக்கும்தான் ஆசை. வந்தால்தானே!

வெள்ளைப் புடவை உடுத்தி இத்தாவில் உட்கார்த்திவிட்டார்கள். நாலு மாதம் பத்து நாள் ஒரு அறை, ஒரு திரை. அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது. கடையைப் பார்த்துக்கொள்ளச் சேலத்திலிருந்து வந்த கொழுந்தன் அப்துல் ரஹீமும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவான். பூனைகளுக்குத்தான் இத்தா கிடையாதே! அவை பாட்டுக்கு வந்தன, போயின. இருபத்தைந்தாம் நாள் சீமாட்டி உள்ளே வந்து, துணிப்பெட்டிக்குப் பின்னால் மூன்று குட்டி போட்டது.

முப்பத்தாறாம் நாள் காலையில் சாப்பிடப் போன சீமாட்டி மதியம்வரை திரும்பவில்லை. குட்டிகள் கீச்சுக் கீச்சென்று பெட்டியைப் பிறாண்டின. ஹலீமா திரைக்கருகே வந்தாள்.

"தம்பி, காலைல இருந்து ஒரு பூனையக்கூடக் காணோமே. எங்க போச்சு எல்லாம்?"

"நாந்தாங்க அண்ணி அனுப்பிச்சுட்டேன்." அப்துல் ரஹீமின் குரலில் பெருமை வேறு. "நாப்பதாம் நாள் ஓதறதுக்குச் சேலத்துல இருந்து நொம்பப் பேரு வர்றாங்க. ஊடு சுத்தமா இருக்க வேண்டாமுங்களா? கருவாட்டுத் தலையப் போட்டேன், அஞ்சும் சாக்குக்குள்ள வந்துருச்சு. சாக்கு வாயக் கட்டி ஆறுமுகம் லாரில ஏத்தியாச்சு. மலைக்குக் கீழ குப்பனூர்ல எறக்கி உட்டுருவான். சேலம் ரோடுன்னா வழி கண்டுபுடிச்சு வந்துருமுங்க, அதான் குப்பனூர் ரோட்டுல அனுப்பிச்சேன்."

"இங்க மூணு குட்டி கெடக்குது தம்பி."



"குட்டிங்களா? எங்கீங்க அண்ணி?"

"என் ரூம்புல. இன்னும் கண்ணே சரியாத் தெறக்கல."

"எனக்குத் தெரியாதுங்களே… நான் உள்ள வரக் கூடாதுங்களே அண்ணி." அவன் குரல் இறங்கிப் போயிற்று.

வாஸ்தவம்தான். அவன் கெட்டவன் இல்லை, வரக் கூடாத அறைக்குள் வராதவன். கோபப்பட வேண்டும் என்று ஹலீமாவுக்குத் தோன்றியது. கோபமும் வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ மரத்துக் கிடந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கிளியூரிலிருந்து பால் கொண்டுவருகிற பாவாயிதான் வழி சொன்னாள். "பசும்பால் கனமுங்க அக்கா, பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துங்க. நானே ஊத்தித்தான் கொண்டாறேன்னு நெனைக்காதீங்க." துணியைத் திரியாகத் திரித்துப் பாலில் நனைத்துக் குட்டி வாயில் வைத்தாள். ஹலீமா சிரிக்கவில்லை, திரியை வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் அதுவே வேலை. ஒரு குட்டி சப்பியது, ஒன்று துப்பியது, ஒன்று வாயே திறக்கவில்லை. லாரிக்காரன் ஆறுமுகத்தை விசாரித்ததில், அவிழ்த்துவிட்டதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை என்றான். முப்பத்தெட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் இரண்டு குட்டிகள் போய்விட்டன. பாவாயி கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் புதைத்தாள்.

மிச்சம் ஒன்று. தாய் வந்தால் பிழைக்கும், வராவிட்டால் இதுவும் போகும்.

மறுநாள் காலை ஹலீமா வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். போகலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே! அதனால் கேட்கவில்லை. திரியைப் பாவாயி கையில் கொடுத்துக் குட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஏனுங்க அக்கா, நான் போயிட்டு வரட்டுங்களா? ஊரு என்ன பேசும்?"

"நீ கூப்புட்டா அது வராது, பாவாயி."

பின்கதவு வழியாக இறங்கி, கடைவீதி முழுக்கப் பார்க்க, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் தனியாகப் பஸ் ஏறியது அன்றுதான். வளைவுக்கு வளைவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதையோரத்தைப் பார்த்தபடியே போனாள்.

குப்பனூரில் இறங்கி, "சீமாட்டீ, சீமாட்டீ" என்று கூப்பிட்டுக்கொண்டே ரோட்டோரம் நடந்தவளை ஊரே வேடிக்கை பார்த்தது. டீக்கடைக்காரர் காளியண்ணன்தான் வெளியே வந்தார்.

"வெள்ளப் பூனைங்களா? இங்க விறகுக்கடியில கெடக்குதுங்க. மூணு நாளாக் கத்தல். பாலு ஊத்துனாலும் சட்ட பண்றதில்லீங்க."

"மத்த நாலு?"

"மூட்டையாட்டம் ஒண்ணு இருந்துச்சு, அது லாரில அடிபட்டுருச்சுங்க. மத்தது தெரியலீங்க."

தாசில்தார். யாருக்கும் நகர மாட்டானே, லாரிக்கு மட்டும் நகருவானா? ஹலீமா கேட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டதும் விறகுக்கடியிலிருந்து சீமாட்டி வந்தது. வயிற்றடியில் பால் கட்டிக் கல்லாகக் கிடந்தது, தொட்டால் வலியில் சிலிர்த்தது. துப்பட்டிக்குள் சுருட்டி அணைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். மலை ஏறுகிற வழியெல்லாம் பால் கசிந்து அவள் புடவையை நனைத்துக்கொண்டே வந்தது.

வீடு வந்தபோது மணி மூன்று. பாவாயி எழுந்திருக்கவில்லை. திரி அவள் விரலிலேயே இருந்தது.

"உச்சிப் பொழுது வரைக்கும் இருந்துச்சுங்க அக்கா. நானும் உடாமத்தான் ஊட்டுனேன்…" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீமாட்டி துள்ளி இறங்கிப் பெட்டிக்குப் பின்னால் ஓடியது. குட்டியை முகர்ந்தது, நக்கியது, மூக்கால் புரட்டியது. பக்கத்தில் படுத்து, விறைத்த வாய்க்கு நேராக வயிற்றைக் காட்டியது. வெகு நேரம் அப்படியே கிடந்தது. பிறகு எழுந்து கத்த ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து நீளமாக வந்த கத்தல் அது. பாவாயி காதைப் பொத்திக்கொண்டாள். ஹலீமா மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன் போனதற்கு இப்படி ஒரு சத்தம் தன்னிடமிருந்து வரவில்லையே என்று நினைத்தாள். பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் நாற்பதாம் நாள். சேலத்து ஜனம் வந்து இறங்கிவிட்டது. இத்தாவில் இருப்பவள் பஸ் ஏறி ஊர் சுற்றிவிட்டு வந்த சங்கதி அவர்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. முன்னறையில் ஹஜ்ரத் ஓதிக்கொண்டிருந்தார். நெய்ச்சோறு தம்மில் இருந்தது. உள்ளே சீமாட்டியின் கத்தல் ஓயவே இல்லை. அப்துல் ரஹீம் வியர்த்துப்போய்த் திரையருகே வந்தான்.

"அண்ணி, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. ஓதி முடிக்கற வரைக்கும் அதக் கொஞ்சம் வெளிய உட்டுரலாமுங்களா?"

"வேண்டாம் தம்பி. இருக்கட்டும்." ஹலீமாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "உங்க அண்ணனுக்காக எனக்கு ஒரு சொட்டு வரல. நானும் நாப்பது நாளாப் பாக்கறேன், வரல. அதுக்கு வருது. அதுவாவது அழுவட்டும்."

 அவன் முன்னறைக்குப் போய், வந்திருந்தவர்கள் நடுவில் உட்கார்ந்தான். சேலத்துப் பெரியவர் ஒருவர் அவன் பக்கம் சாய்ந்து, "ஏப்பா ரஹீமு, உள்ள அதென்ன சத்தம்?" என்று கேட்டார்.

"ஊட்டுல மவுத்து ஆயிருக்குதுங்களே மாமா," என்றான் அப்துல் ரஹீம். "அழுவறாங்க."