சித்தி கொண்டுவந்த லிண்டோரா

சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு மலையடிவாரத்திலிருக்கும் எங்கள் ஊர் சிலமலைக்கு வந்த சித்தி, புடவைப் பெட்டியோடு ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரையும் கொண்டுவந்தாள். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் எலெக்ட்ரீசியனாக இருந்த அவளுடைய அப்பா, வேலையை விட்டுப் போன ஒரு மேனேஜரிடம் வாங்கியது. எங்கள் வீட்டில் ஆம்ப்ளிஃபயரை வாடகைக்கு எடுத்து மாட்டியபோது அது வாயே திறக்கவில்லை. மலையிறங்கிய ஜீப்பின் குலுக்கலில் செத்துவிட்டது என்று வீடே முடிவு செய்தது. தலைப்பக்கம் தேய்ந்த எழுத்தில் லிண்டோரா என்று இருந்தது. அப்படியொரு கம்பெனியே கிடையாது என்று பக்கத்து டவுன் போடியில் ரிப்பேர் கடைக்காரரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, நான் ஆறாவது படிக்கும்போது, பொங்கலுக்கு ஊரில் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். சித்தி யாரையும் கேட்காமல், ஒரு பாட்டுக்கு நான் கிட்டார் வாசிக்கிறேன் என்று பாட்டுக் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

"செத்ததை மேடையேத்தி என்னையும் சேத்து அசிங்கப்படுத்தப் போறியா?" என்றார் சித்தப்பா.

சித்தி கச்சேரிக்கு முந்தின நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து லிண்டோராவைத் தேடினோம். எந்த ஊரிலோ இருக்கும் ஒரு கிட்டார் பைத்தியம் அந்தக் கம்பெனியின் கதை முழுவதையும் எழுதிவைத்திருந்தது. ஜப்பானில் ரேடியோ செய்தவர்களாம். ஆசைப்பட்டு கிட்டாரில் இறங்கி, மூன்றே மாடல் போட்டுவிட்டுக் கம்பெனியை மூடியிருக்கிறார்கள். முதலில் வந்த ஸ்வாலோவுக்குத் திருகுகுமிழ் ஒன்று, அடுத்து வந்த ஹெரானுக்கு இரண்டு, கடைசியாக வந்த ஃபால்கனுக்கு மூன்று. எங்களுடையது ஃபால்கன்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். ஃபால்கனை வீட்டு ரேடியோவில் மாட்டியும் வாசிக்கலாம். அதற்கென்று முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது ரேடியோ பக்கம் இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் வராது.

"எங்கப்பா ரேடியோவுலதான் மாட்டித் தருவாரு" என்றாள் சித்தி மெதுவாக.

வீட்டுக்கு வந்து, கிட்டாரின் முதுகில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தாள். சுவிட்ச் இருந்தது. தள்ளிவிட்டாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஆம்ப்ளிஃபயர் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் மேடையேறியதும் இளவட்டங்கள் விசிலடித்தார்கள். சித்தப்பா கூட்டத்தின் ஓரத்தில், நழுவிப்போகத் தோதாக நின்றார். சித்தி வயரை மாட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வந்தது. சாதாரணச் சத்தமா அது! ஸ்பீக்கர் பெட்டிகள் அதிர்ந்தன. எதிர்வீட்டு ஓட்டிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. ஒரு பாட்டுக்கு ஒப்புக்கொண்ட தலைவரே மைக்கைப் பிடித்து இன்னொன்று கேட்டார். சித்தி நாலு பாட்டு வாசித்தாள். இறங்கியதும் குழுவின் கிட்டார்காரர் ஓடிவந்து, "இது என்ன கம்பெனி, அக்கா?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஸ்வாலோவில் ஆரம்பித்து ஃபால்கன்வரை ஒப்பித்து முடித்தேன்.

கிளம்பும்போது சித்தப்பா கிட்டாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். எங்கே போனாலும் சித்திக்குப் பத்தடி முன்னால் நடக்கிறவர், அன்று தெரு நெடுக அவளுக்குப் பின்னாலேயே வந்தார். ரொம்பக் கனமா சித்தப்பா என்று கேட்டேன்.

"ஆமாத்தா, கனந்தான்."

பாவமாக இருந்தது. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவே இல்லை.