பெங்குயின் கூடத்தில் விளக்கு மங்கிய பிறகு

மே மாதக் கடைசி ஞாயிறு. நான், மனைவி செல்வி, ஆறு வயது மகள் யாழினி, மூன்று பேரும் துபாயிலிருந்து அபுதாபிக்குப் போய் வந்தோம். வெயில் 43 டிகிரி. இந்த வெயிலில் எவனாவது ஊர் சுற்றுவானா என்று கேட்பீர்கள். ஊரில் பள்ளி விடுமுறை இப்போதுதான், அவர்கள் விசிட் விசாவில் வந்ததும் பத்தே நாளுக்கு. வேறு வழி?

எனக்கு துபாய் அல் கூஸில் ஏசி மெக்கானிக் வேலை, கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் வாசம். லீவில் போன நண்பர் சத்வாவில் உள்ள தன் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதால் குடும்பத்தைத் தங்கவைக்க முடிந்தது. கடைசியாக நான் ஊருக்குப் போனபோது யாழினிக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். தினமும் டூட்டி முடிந்து ஏழேகாலுக்குக் கூப்பிடுவேன். "ஹலோ, மகாராணி இருக்காங்களா?" என்பேன். "மகாராணிதான் பேசுறேன்" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் வாய் மூடாது.

அந்த வாயாடி ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சாக்லேட் கொடுத்தால்கூட அம்மா கை வழியாகத்தான் வாங்கினாள். நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன். அதே பழைய கலகலப்பு! "அப்பா, எப்பப்பா வருவே?" என்று கேட்டாள். போனைப் பிடித்தபடியே ரூமுக்குள் நுழைந்தேன். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள், போனைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டாள்.

"கூச்சந்தாங்க, போகப் போகச் சரியாயிரும்" என்றாள் செல்வி. எங்கே போகப் போக? இந்த ஞாயிறு எட்டாவது நாள். நேரில் ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடாமலே ஃபிளைட் ஏறிவிடுவாளோ என்றிருந்தது எனக்கு. அபுதாபி கடல் பூங்காவில் பெங்குயின் காட்டுகிறேன் என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதுதான் கடைசி நம்பிக்கை.

அல் குபைபா நிலையத்தில் அபுதாபி பஸ்ஸுக்கு ஆளுக்கு 25 திர்ஹம், நோல் என்கிற பயணக் கார்டில் கழியும். ஞாயிறு என்பதால் வரிசை வாசல் தாண்டி நின்றது. 9.40க்குப் போனவர்களுக்கு 11.20 பஸ்தான் கிடைத்தது. 1.25க்கு அபுதாபி நகர நிலையத்தில் இறங்கி, பக்கத்து மலையாளி ஹோட்டலில் சாப்பாடு, மூவருக்கும் 38 திர்ஹம். மீன் குழம்பு பிரமாதம்.

பிறகு டாக்ஸி. பெஷாவர்க்கார டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அரே பாய், பூங்காவைத் தாண்டித்தானே வந்தீங்க! துபாய்ப் பக்கமா திரும்பிப் போகணும்" என்றார் இந்தியில். முப்பது கிலோமீட்டர், 62 திர்ஹம். வரைபடம் பார்க்காதவனுக்கு வேண்டியதுதான்.

பூங்கா முழுக்கக் கூரைக்குள்தான், ஏசி அபாரம் (தொழில்முறைப் பாராட்டு). மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுப் பெங்குயின் கூடத்துக்கு வரும்போது மணி நாலு. உள்ளே கும்மிருட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மை பூசியது போல இருந்தது. யாழினியின் உதடு பிதுங்கியது. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

வழிகாட்டியாக நின்ற பெண்ணின் பேச்சில் யாழ்ப்பாணத்துத் தமிழ் கேட்டது. "ஏம்மா, இவ்வளவு தூரம் வர்றோம், ஒரு லைட்டைச் சரி பண்ண மாட்டீங்களா? ஏணி குடுங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இல்லையண்ணா, லைற் ஒண்டும் பழுதாகேல்ல. தெற்கில இப்ப குளிர்காலம். அங்க பகல் சுருங்கினா இங்கயும் சுருக்குவினம். இல்லாட்டி இதுகளுக்குக் காலமே தெரியாமப் போயிடும். கொஞ்சம் நில்லுங்கோ, கண் பழகட்டும்."

வெளியே 43 டிகிரி வெயில், உள்ளே தென்துருவத்துக் குளிர்கால அந்தி. இன்னும் தெற்கே போனால் மாதக்கணக்கில் சூரியனே எழாதாம். கடல் மேலே உறைந்து கிடக்கும். அடியில் ரத்தம் உறையாத மீன்கள் நீந்தும், சின்ன இறால்கள் பனியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். சீல் என்கிற கடல்நாய் அந்த இருட்டில் மூச்சுவிடப் பனியில் ஒரு ஓட்டை வைத்திருக்கும் என்றும் சொன்னார் அந்தப் பெண்.

"அம்மா, பயமா இருக்கு" என்றது யாழினியின் குரல். செல்வி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்ன தோன்றியதோ, நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன்: "ஹலோ, மகாராணி இருக்காங்களா?"



"மகாராணிதான் பேசுறேன். அப்பா, எங்க இருக்கே?"

"பக்கத்துலதாம்மா."

சின்னக் கை ஒன்று இருட்டில் தேடியது. முதலில் என் காது அகப்பட்டது, அப்புறம் சட்டைக் காலர், கடைசியில் விரல். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இருட்டு நல்லதாய்ப் போயிற்று.

சீல் கதையைச் சொன்னேன். "பனி மூடிக்கிட்டே இருக்கும். அதனால அது பல்லால கடிச்சுக் கடிச்சு ஓட்டையைத் திறந்து வச்சிக்கும்."

"பல்லு வலிக்காதா?"

"தேஞ்சு போயிருமாம்."

"எனக்கும் முன்பல்லு இல்லையே." சற்று யோசித்துவிட்டு, "ஒரு நாள் லீவு போட்டா?" என்றாள்.

"ஓட்டை மூடிக்கும். அப்புறம் மூச்சு விட முடியாது."

அதற்குள் கண் பழகிவிட்டது. முதலில் வெள்ளை வயிறுகள் தெரிந்தன, பிறகு முழுப் பெங்குயின்கள், கூட்டமாய், அசையாமல். "பதினாலு!" என்று கத்தினாள் யாழினி. வெளிச்சத்துக்கு வரும்போதுதான் எனக்குப் பயம். அண்ணாந்து என் முகத்தையே பார்த்தாள். "போன்ல மூக்கு இவ்ளோ பெருசா இல்லப்பா" என்றாள். கையை விடவில்லை.

போகிறவர்களுக்கு: நகர நிலையம் வரை போகாதீர்கள், பூங்காப் பக்கம் போகும் பஸ்ஸை விசாரித்து ஏறுங்கள். டிக்கெட் விலை மாறிக்கொண்டே இருக்கும், முந்தைய நாளே பாருங்கள். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் அவசியம். மே முதல் ஆகஸ்ட் வரை போனால் பெங்குயின் கூடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் இருட்டாக இருக்கலாம். ஆனால் இருட்டாக இருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் நில்லுங்கள்.

பத்தாம் நாள் ஏர்போர்ட்டில் யாழினி அழவில்லை, நான்தான் சொதப்பினேன். உள்ளே போய்க்கொண்டிருந்தவள் திரும்பி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அந்தச் சீல் மாதிரி தெனமும் கடிக்கணும். லீவு போடக் கூடாது, சரியா?" செல்விக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போதும் ஏழேகாலுக்குக் கூப்பிடுகிறேன். மகாராணி இருக்காங்களா என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் கேட்டுவிடுகிறாள்: "கடிச்சியாப்பா?"

"கடிச்சிட்டேம்மா" என்கிறேன்.