மூடாமல் காய்ச்சிய கற்பூரவள்ளி

அந்தக் கண்ணாடித் தட்டை மச்சான் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. தட்டு முழுவதும் சீழ்க் கிருமி மஞ்சளாகப் படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் கிருமி அண்டாமல், துடைத்துவிட்டதுபோல ஒரு வட்டம். வட்டத்தின் மையத்தில் அவன் கற்பூரவள்ளி எண்ணெயில் தோய்த்து வைத்த சின்னக் கடதாசிப் பொட்டு.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் குறிஞ்சாக்கேணி முஸ்லிம், நான் டவுன் தமிழன். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் வாய்க்கு வாய் மச்சான்தான். துறைமுகத்தில் அடிபட்டு, புண் சீழ்பிடித்து வருகிறவர்களுக்குக் கொழும்பிலிருந்து போதிய மருந்து வராத காலம். நாட்டு மூலிகை ஏதாவது கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் டொக்டர். நன்றாகச் செய்கிறவரைக் கொழும்புக்கு மேற்படிப்புக்கு அனுப்புவதாகவும் சொன்னார். இடம் ஒன்றுதான்.

இருவரும் கற்பூரவள்ளியையே எடுத்தோம். புதினாக் குடும்பத்துச் செடி. இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் காரத்துக்குத் தைமோல், கார்வக்ரோல் என்ற பொருள்களே காரணம் என்று படித்துவைத்திருந்தேன். அதை டொக்டரிடம் வலியப் போய்ச் சொல்லியும் வைத்தேன். பிறகு வீட்டுக் குசினியில், கஷாயம் போடுகிற மாதிரியே, திறந்த பானையில் சுண்டச் சுண்டக் காய்ச்சினேன். “வீடு முழுக்க என்ன வாசம்! இனி ஒருத்தருக்கும் தடிமன், இருமல் வராது,” என்று மனைவி சந்தோஷப்பட்டாள். என் தட்டில் வட்டம் விழவேயில்லை. கிருமி என் பொட்டின் மேலேயே ஏறிப் படுத்திருந்தது.

டொக்டர் அவன் தோளில் தட்டியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பென்சிலின் ஏதும் கலந்திருப்பானோ என்று நினைத்தேன். கலந்திருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். மத்தியானம் அவன் நீட்டிய இறால் பொரியலைப் பசியில்லை என்று தள்ளிவைத்தேன்.

அவனாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “எப்பிடி மச்சான் காய்ச்சினாய்?”

சொன்னேன்.

“மூடி போடல்லையா? அடேய், மருந்தெல்லாம் ஆவியோட போயிட்டுதே! அந்த மணம்தான் மருந்து. உள்ளுக்க ஒரு கோப்பை வை. மூடியக் கவிட்டுப் போட்டு, மேல ஐஸ் வை. கோப்பைக்க வடியிற தண்ணியில எண்ணெய் மிதக்கும். அத எடு.”

மீன்வாடியிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கொண்டுவந்தும் தந்தான்.

என் அடுத்த தட்டில் விழுந்த வட்டம் அவனுடையதைவிடப் பெரிது. என் செடி நல்ல வெயிலில் நின்றது காரணமாக இருக்கலாம். நான் கதிரையை விட்டு எழும்புவதற்குள் அவன் அதைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போய்விட்டான். “மச்சான்ட வட்டம்தான் பெரிசு டொக்டர். அவர அனுப்புங்க,” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

கொழும்புக்கு நான்தான் போனேன். படித்து, உத்தியோகத்தில் உயர்ந்து, ஓய்வும் பெற்றாயிற்று. அவன் கடைசிவரை அந்த ஆய்வுகூடத்திலேயே இருந்தான். இருந்தும் பொறாமை இன்றைக்கும் எனக்குத்தான். முதல் வட்டம் என் தட்டில் விழுந்திருந்தால், மூடியைப் பற்றி நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்லித்தந்தான்.