சாமி பாட்டுகளுக்கு நடுவே ஒரு ராப் பாட்டு: தேனி, ஓடைப்பட்டி

இந்தத் தவக்காலத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, திண்டுக்கல்லில் இருந்து தனியாகக் கிளம்பி ஓடைப்பட்டி வரை போய் வந்தேன். என் தம்பி ஜெரால்டு இருபது வயதில் செய்த ராப் பாட்டுகளில் ஒன்றாவது எங்கேயாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கத்தான். பழைய ராப், ரீமிக்ஸ் சிடிகளைத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று இணையத்தில் பார்த்தேன். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடத்துக்கு முன், நாங்கள் சின்னமனூரில் இருந்தபோது, ஒரு தியானக் கூட்டத்தில் வீட்டில் இருக்கும், சாமி பாட்டு அல்லாத உலகத்துப் பாட்டுகளை எரித்துப் போடச் சொன்னார்கள். வந்த வேகத்தில் தம்பியின் சிடிகளை அள்ளிக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். மொத்தம் பதினோரு பாட்டு. ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அவற்றைச் செய்த கம்ப்யூட்டர் அதற்கு முந்தின மாதமே கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியாது. அவன் சண்டை போடவில்லை. "நல்லா ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொன்னான். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். அம்மா அடக்கத்துக்கு வந்தபோதும் என்னோடு பேசவில்லை.

காலை 5.50 பஸ். தேனிக்கு 75 கிலோமீட்டர், டிக்கெட் 62 ரூபாய். 7.55க்கு இறங்கி, ஆட்டோ பிடித்து (80 ரூபாய், நூறு கேட்டார்) அல்லிநகரம் போனேன். தம்பிக்கு சிடி அடித்துக் கொடுத்த கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கடைக்காரர் அதே ஆள்தான்.

"ஜெரால்டா? மண்டைய ஆட்டிக்கிட்டே வருவானே! பத்து சிடி விக்கக் குடுத்தான். ஒரு பயலும் வாங்கலை. ஓடைப்பட்டி ரேடியோ செட்டுக்காரக மட்டும் ரெண்டு வாங்கிட்டுப் போனாக."

"மிச்ச எட்டு?"

"திராட்சைத் தோட்டத்துல குருவி வெரட்டக் கட்டுறதுக்குக் கேட்டாக, குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

தேனியில் இருந்து சின்னமனூர் 25 கிலோமீட்டர், 24 ரூபாய். அங்கிருந்து ஓடைப்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சின்னமனூரில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். நான் வளர்ந்த ஊர்தான், தெரிந்த முகம் ஒன்றுகூடத் தென்படவில்லை. ஓடைப்பட்டிக்குச் சற்று முன்னாலேயே இறங்கி, ரோட்டோரப் பந்தல்களில் தொங்கிய சிடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் மேல்பூச்சு உரிந்து எல்லாம் வெறும் கண்ணாடியாகிவிட்டன. அந்தப் பக்கம் திராட்சை பறித்துக்கொண்டிருந்த பெண்கள், "என்னத்தா தேடுறீக?" என்றார்கள். சும்மா என்றேன்.

ரேடியோ செட் கடை என்றால் திருவிழா, கல்யாணங்களுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுகிறவர்கள். கடையில் செட்டுக்காரரின் மனைவி பாண்டீஸ்வரிதான் இருந்தார்.

"அவுக குழாய் கட்டப் போயிருக்காக. என்ன பாட்டுக்கா வேணும்?"

"ராப் பாட்டு."

என் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்தார். "யாருக்கு? உங்களுக்கா? ஆத்தாடி!"

கம்ப்யூட்டரில் குத்துப் பாட்டு, ரீமிக்ஸ் எல்லாவற்றிலும் அரை மணி நேரம் துழாவினார். இல்லை. கடைசியில் தம்பி பெயரை அடித்துத் தேடச் சொன்னேன். ஒன்றே ஒன்று வந்தது. இருந்த இடம், கிறிஸ்தவப் பாடல்கள்.

முதலில் மேளம் போல ஒரு அடி. அதன்மேல் ஒரு பெண்குரல், "அருள்நிறை மரியே". அதை வெட்டி, "மரியே, மரியே" என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்கு மேல் ஜெரால்டு பேசுகிறான், மூச்சுவிடாமல். பெண்குரல் என்னுடையது. சாயங்காலம் வீட்டில் நான் ஜெபமாலை சொன்னதை எப்போதோ பதிந்திருக்கிறான்.

"ஜெபம் வருதுல்ல, சாமி பாட்டுன்னு இங்கன போட்டு வச்சிருக்காக" என்றார் பாண்டீஸ்வரி. "அந்தோணியார் திருவிழாவுக்கு வருசா வருசம் போடுவோம். நடுவுல அந்தத் தம்பி படபடன்னு பேசுறது பிரசங்கமாக்கும்னு நெனச்சோம்!"

நானும் சிரித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தார்.

பாட்டுக்குள் அரை நிமிடத்துக்கு ஒருதரம் கடைப் பெயர் அறிவிப்பாக வருகிறது. மற்ற செட்டுக்காரர்கள் சுட்டுவிடாமல் இருக்க இவர்கள் எல்லாப் பாட்டிலும் இப்படிச் சேர்ப்பார்களாம். அறிவிப்பு இல்லாத பிரதி கிடையாது. வாங்கின இரண்டு சிடியில் இருந்து இந்த ஒரு பாட்டைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள், அந்தச் சிடிகளும் தேய்ந்து போய்விட்டன. மற்ற பத்துப் பாட்டும் போனது போனதுதான்.

தேடிப் போகிறவர்களுக்கு: சிடி கடைகளில் நேரத்தை வீணாக்காதீர்கள், நேராக ரேடியோ செட் கடைக்குப் போங்கள். திருவிழாக் காலம் வேண்டாம், ஆள் இருக்க மாட்டார்கள். பென்டிரைவ் நீங்களே கொண்டுபோங்கள். ஆள் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். பக்திப் பாடல்களையும் விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டைச் சின்னமனூரிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

பாட்டைத் தம்பிக்கு அனுப்பினேன். கூடவே, "கேட்காமல் எரித்தது என் தப்பு" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதில் அக்கா என்ற சொல் இல்லை.

"நடுவுல எவன் கடைப் பேரைச் சொல்றது? பீட்டே போச்சு. அது யார் குரல்னு தெரிஞ்சுதா?"

என் குரலைக் கேலிக்குச் சேர்த்தானா, பிரியத்துக்கா என்று நான் கேட்கவில்லை. "தெரிந்தது" என்று அந்த ஒரு சொல்லை எழுதி அனுப்ப எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.